கல்லியம் நைத்திரைட்டுத் திரான்சிற்றரும் அதன் பயன்களும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு நாவிற் புரளாத தலைப்பு. ஒருமூச்சில் அதனைச் சொல்லி முடிப்பதே ஒரு பயிற்சி. தமிழகத்தார் காலியம் என்பர். நான் கல்லியம் என்றே சொல்லிப் போகின்றேன். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரிற் செருகியிருக்கும் புதிய சார்ஜர்கள் சிலவற்றுள் இந்தத் திரான்சிற்றர் இருக்கின்றது. இம்மண்டபத்தில் எரியும் எல்.ஈ.டி. குமிழ்களின் ஒளியும் இதே பொருளின் பளிங்கிலிருந்து வருவதுதான். பெயர் தெரியாமலே வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்ட விருந்தாளி இது. வந்தவரை விசாரிப்பது நம்முடைய வழக்கமல்லவா?

முதலிற் சூட்டைப் பற்றிச் சொல்கின்றேன். பழைய சார்ஜர் ஒன்று அரைமணி நேரம் வேலை செய்தபின் அதன்மேற் கையை வைத்துப் பாருங்கள். சுடும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நாம் காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் ஒரு பங்கு தொலைபேசிக்குப் போகாமல் வழியிலே சூடாகிக் கழிந்துவிட்டது. சுவரில் வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். தொலைபேசிக்கு வேண்டியது ஐந்து முதல் இருபது வோல்ற்று வரையிலான நேரோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது கூலி கொடுக்க வேண்டியிருக்கின்றது. அந்தக் கூலிதான் சூடு.

இந்தக் கூலி சிறிதென்று மற்ற ஊரார் சொல்லலாம். உடுவிலார் அவ்வளவு எளிதிற் சொல்லிவிட முடியாது. நமது பிரதேசத்திலேதான் சுன்னாகம் இருக்கின்றது. அங்கே எண்ணெயை எரித்து மின் பிறப்பிக்கும் 24 மெகாவாற்று நிலையம் ஒன்று 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னிருந்தே இயங்கிய தனியார் மின்நிலையம் ஒன்றினால் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்ததென்று எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2019ஆம் ஆண்டில் மக்களுக்கு நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. ஆறில்லாத நாட்டில் கிணற்று நீரே நமக்கு உயிர். ஆகவே ஒரு பெட்டிக்குள் வீணாகும் சூட்டுக்கும் நம் கிணற்றுக்கும் தொடர்பில்லை என்று நான் நினைப்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் எண்ணெய் எரிந்தே அந்தச் சூடு பிறக்கின்றது.

பெரியோர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1990ஆம் ஆண்டின் பின் பல வருடம் குடாநாட்டுக்குத் தேசிய மின்வலையிலிருந்து மின்சாரம் வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் நம் பிள்ளைகள் படித்துச் சோதனை எழுதினார்கள். பற்றரி கிடைக்காத நாட்களில் மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். அது எப்படி இயன்றது? வானொலிக்குள் வால்வு இருந்திருந்தால் ஒருபோதும் இயன்றிராது. வால்வு வானொலிக்கு இழைகளைச் சூடாக்கவே பல உவாற்று வேண்டும். திரான்சிற்றர் சொற்ப மின்னில் உயிர் வாழும். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பாடீனும் பிராட்டெயினும் கண்டுபிடித்த பொருள், பஞ்ச காலத்தில் நமக்குச் செய்தி சொன்னது. அதனுடைய பேரப்பிள்ளையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

இளைஞர்களே, சார்ஜருக்குள் திரான்சிற்றர் செய்யும் வேலை வானொலியிற் செய்த வேலையினின்றும் வேறானது. வானொலியில் அது மெல்லிய ஒலியைப் பெருக்கிற்று. இங்கே அது ஒரு மடை. திறப்பதும் மூடுவதுமே அதன் தொழில்.

துலாவில் நீரிறைத்ததைக் கண்டவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். பெரிய பட்டை கட்டினால் மெதுவாக இறைத்தாலும் போதிய நீர் வரும்; ஆனால் துலாவும் பெரிதாக வேண்டும், மிதிப்பதற்கும் ஆள் கூட வேண்டும். சிறிய பட்டை கட்டி விரைவாக இறைத்தாலும் வாய்க்காலில் அதே அளவு நீர் ஓடும். சார்ஜருக்குள்ளும் இந்தக் கணக்குத்தான். பழங்காலத்து மாற்றிகள் செங்கல்போற் கனத்தன. செக்கனுக்கு ஐம்பது முறை மட்டும் மாறும் ஓட்டத்தைக் கையாள அவ்வளவு இரும்பும் செம்பும் வேண்டியிருந்தன. பின்னர் சிலிக்கன் திரான்சிற்றரைக் கொண்டு ஓட்டத்தைச் செக்கனுக்கு அறுபதாயிரம், ஒரு இலட்சம் முறை வெட்டி வெட்டி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் கொண்டுபோக வேண்டிய சக்தி குறைந்தது, பட்டை சிறிதாயிற்று, நிலைமாற்றியும் உள்ளங்கையுள் அடங்கிற்று.

அப்படியானால் இன்னும் விரைவாக வெட்டினால் என்ன? பத்து இலட்சம் முறை வெட்டலாமே? அங்கேதான் சிலிக்கன் முரண்டு பிடிக்கின்றது. தோட்டத்திலே தண்ணீர் மாறுபவரை எண்ணிப் பாருங்கள். ஒரு பாத்தியின் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததன் வாயை வெட்டித் திறக்கின்றார். முழுதாகத் திறந்திருக்கும்போது நட்டமில்லை. முழுதாக அடைத்திருக்கும்போதும் நட்டமில்லை. பாதி திறந்தும் பாதி அடைத்தும் இருக்கும் அந்தக் கணத்திலேதான் நீர் வரம்பு வழிந்து வீணாகின்றது. மண்வெட்டி மந்தமானால் நட்டம் கூடும். அடிக்கடி மாறினால் இன்னும் கூடும். திரான்சிற்றரும் அப்படியே. திறந்த நிலையில் அழுத்தம் மிகச் சிறிது. மூடிய நிலையில் ஓட்டம் இல்லை. இடைப்பட்ட நொடியில் இரண்டும் ஒருங்கே நிற்க, அவற்றின் பெருக்கம் சூடாகின்றது. இதற்கு மேலும், சிலிக்கன் திரான்சிற்றரோடு கூடப் பிறந்த இருவாயி ஒன்றுண்டு. ஓட்டம் திரும்பும்போதெல்லாம் அதிற் தேங்கிய மின்னேற்றத்தைக் கூட்டி வெளியேற்ற வேண்டும். கல்லியம் நைத்திரைட்டில் அந்தத் தேக்கம் கிடையாது. அதனுடைய மண்வெட்டியும் பல மடங்கு கூரானது.

கூர்மை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பொருளின் பிறவிக் குணத்திலிருந்து வந்தது. ஒரு குறைகடத்தியில் கட்டுண்ட இலத்திரனை விடுவிப்பதற்கு வேண்டிய சக்தியைச் சக்தி இடைவெளி என்பர். சிலிக்கனுக்கு அது 1.1 இலத்திரன் வோல்ற்று அளவு. கல்லியம் நைத்திரைட்டுக்கு 3.4. இதன் பயனாக அது தாங்கக்கூடிய மின்புலம் சிலிக்கனைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு. குளத்து நீரை மறிக்க மண்ணணை பத்து முழம் தடிப்பாக வேண்டுமானால், கருங்கல்லணைக்கு ஒரு முழம் போதும் என்பது போலாம். 600 வோல்ற்றை மறிக்கச் சிலிக்கனில் நீண்ட தூரம் விட வேண்டும். இங்கே குறுகிய தூரம் போதும். மூடியபோது மறிக்கும் அந்தத் தூரத்தையே திறந்தபோது இலத்திரன்கள் கடக்க வேண்டும். தூரம் குறைந்தால் தடையுங் குறையும். திரான்சிற்றரின் உருவமும் சிறுக்கும். உருவம் சிறுத்தால் திறந்து மூட வேண்டிய மின்னேற்றமும் சிறுக்கும்.

இன்னொரு அதிசயமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. சிலிக்கனில் ஓட்டம் உண்டாக வேற்றணுக்களைக் கலக்க வேண்டும். கலந்த அணுக்களோ பிறகு வழியில் நின்று இலத்திரன்களை இடறுகின்றன. கல்லியம் நைத்திரைட்டின் மேல் அலுமினியம் கலந்த அதே இனப் பளிங்கின் மெல்லிய படலம் ஒன்றை வளர்த்தால், இரண்டும் சந்திக்கும் முகத்திலே இலத்திரன்கள் தாமே வந்து கூடுகின்றன. பளிங்கின் முனைவுத்தன்மையால் நிகழ்வது இது. வேற்றணு கலக்க வேண்டியதே இல்லை. ஆகவே கல்லற்ற ஒழுங்கையில் மிதிவண்டி ஓடுவதுபோல் இலத்திரன்கள் தடையின்றி ஓடுகின்றன. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அசிப் கானும் அவருடைய துணைவரும் இவ்வமைப்பிலே திரான்சிற்றர் ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதே 1993இல் யப்பானில் நாகமுரா பிரகாசமான நீல ஒளித் தீபத்தை இதே இனப் பொருளிற் செய்தார். அதற்கு முன் நாகோயாவில் அகசாகியும் அமானோவும் நல்ல பளிங்கை வளர்க்கும் வழியைத் திறந்திருந்தார்கள். மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று நமது கோயில் வீதிகளில் திருவிழா இரவுகளில் எரியும் வெண்ணிற எல்.ஈ.டி. குமிழ்கள் பெரும்பாலும் உள்ளே நீல ஒளியையே பிறப்பிக்கின்றன. மேலே பூசிய மஞ்சட் பொருள் அதனை வெள்ளையாக்குகின்றது. விளக்குக்காக உலகம் இப்பளிங்கை மலிவாக வளர்க்கக் கற்றது. அந்தக் கல்வியே பின்னர் திரான்சிற்றருக்கும் உதவியது.

கல்லியம் என்ற உலோகத்தின் பிறப்புக் கதையையும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. உருசிய நாட்டு மெண்டலீவ் மூலகங்களை அட்டவணைப்படுத்தியபோது, அலுமினியத்தின் கீழ் ஓரிடம் வெறுமையாயிருந்தது. அங்கே வரவேண்டிய மூலகம் இன்னும் அகப்படவில்லை என்று துணிந்து, அதற்கு ஏக அலுமினியம் என்று பெயரும் வைத்தார். ஏக என்பது ஒன்று எனப் பொருள்படும் வடசொல். உருசியத்துப் பேராசிரியர் அதனை எடுத்தாண்டார். 1875ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெகொக் என்பவர் நாகக் கனியம் ஒன்றிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். அதன் அடர்த்தி 4.7 என்று அளந்தார். மெண்டலீவோ அந்த உலோகத்தைக் கண்ணாலும் காணாதவர். ஆயினும் அடர்த்தி 5.9 அளவில் இருக்க வேண்டும், பொருளை இன்னும் தூய்மை செய்து அளந்து பாரும் என்று எழுதினார். தூய்மை செய்து அளந்தபோது 5.9 ஆகவே இருந்தது! அந்த உலோகம் ஏறத்தாழ 30 பாகை செல்சியசில் உருகும். ஐரோப்பாவில் அது கட்டி. நமது சித்திரை மாதத்து நண்பகலில் மேசைமேல் வைத்தால் உருகி ஓடிவிடும்.

ஆனால் நைதரசனோடு சேர்ந்துவிட்டால் அது மிக வலிய பளிங்காகி நிற்கும். அந்தப் பளிங்கைத் தகடாக வளர்ப்பதுதான் பெரும்பாடு. சிலிக்கனைப்போல் உருக்கி இழுத்துப் பெருந்தூணாக எடுக்க முடியாது. ஆகவே வேறொரு பொருளின் தகட்டின்மேல், ஆயிரம் பாகையளவு வெப்பத்திலே, வாயுக்களிலிருந்து அணுவணுவாகப் படியவிட்டு வளர்க்கின்றனர். மலிவு கருதிச் சிலிக்கன் தகட்டின்மேல் வளர்க்கலாம். ஆனால் இரண்டின் அணு வரிசையும் ஒத்துவராது. ஆறும்போது கல்லியம் நைத்திரைட்டு கூடுதலாகச் சுருங்கும். சாந்து பூசிய சுவர் காய்ந்து வெடிப்பதுபோற் படலம் வெடித்துவிடும். இடையிலே அலுமினியம் கலந்த படைகளைக் கவனமாக வைத்து, சுருக்கத்தை முன்கூட்டியே ஈடுசெய்து வளர்க்க வேண்டும்.

இந்தக் கலையை நமக்கு அண்மையில் கைவரப்பெற்றவர்கள் பெங்களூரிலே இருக்கின்றனர். 1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தில், சிறீனிவாசன் இராகவன், நவகாந்த பட், மயாங்க் சிறீவஸ்தவா முதலிய பேராசிரியர்கள் ஒன்றுகூடி, படலம் வளர்ப்பது முதல் திரான்சிற்றர் செய்து சோதிப்பது வரை ஒரே வளாகத்திற் செய்தார்கள். பௌதிகவியலார் ஒருபக்கம், இலத்திரனியலார் ஒருபக்கம் என்று வேலியடைத்துக் கொள்ளவில்லை. அதுவே அவர்கள் வெற்றிக்குக் காரணம் என்பது என் எண்ணம். அவர்களுடைய ஆராய்ச்சியிலிருந்து அக்னிட் என்ற நிறுவனமும் பிறந்திருக்கின்றது. 2024ஆம் ஆண்டின் நவம்பரில் இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையினரும், சிலிக்கன் காபைட்டுத் தகட்டை நாலு அங்குல விட்டத்தில் தாமே வளர்த்து, அதன்மேல் 150 உவாற்றுவரை வலுத் தரும் கல்லியம் நைத்திரைட்டுத் திரான்சிற்றர்களைச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள். ராடர் முதலியவற்றுக்கு வேண்டியன அவை. ராடர் என்றதும் முகஞ் சுளிப்பவர்களும் இருப்பீர்கள். போரைக் கண்ட ஊர் நம்முடையது. மழையைப் பார்க்கும் ராடருக்கும், தொலைபேசிக் கோபுரத்துக்கும், செய்மதிக்கும் அதே பொருள்தான் வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வைக்கின்றேன். போருக்கும் உதவுவதனாலேயே இத்தகைய நுட்பங்களை நாடுகள் எளிதிற் கைமாற்றுவதில்லை. கேட்டுப் பெற முடியாததைச் செய்து கற்கவேண்டியதாயிற்று.

குறைகடத்தி என்பது மேனாட்டார் மட்டும் தொட்ட துறை என்று எண்ண வேண்டாம். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஈயச் சல்பைட்டுப் பளிங்கினால் மின்னலை உணரும் கருவி செய்து, 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கான்பூரிற் கற்ற உமேஷ் மிஸ்ரா கலிபோர்னியாவிற் பேராசிரியராயிருந்து, 2007ஆம் ஆண்டில் டிரான்ஸ்போர்ம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். கல்லியம் நைத்திரைட்டு மின்வலுத் திரான்சிற்றரைச் சந்தைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் அந்நிறுவனமும் ஒன்று. 2024இல் யப்பானிய ரெனேசாஸ் அதனை வாங்கிற்று. நம்மவரான சிவலிங்கம் சிவானந்தன் பேராதனையிற் படித்துச் சிக்காகோ சென்று, இருளிற் காணும் கருவிகளுக்கான இரச கட்மியம் தெலூரைட்டுப் பளிங்கை வளர்ப்பதிற் பேர் பெற்றார். அவருடைய பளிங்கு வேறு; ஆயினும் படலம் படலமாக வளர்க்கும் பொறுமை ஒன்றே.

இனிப் பயன்களைப் பார்ப்போம். முதலிற் கண்ணுக்குத் தெரிவது சார்ஜர். 2018ஆம் ஆண்டின் பின்னரே இது கடைகளிற் பரவியது. 2021இல் அப்பிள் நிறுவனமும் தன் 140 உவாற்றுச் சார்ஜரை இவ்வகையிற் செய்தது. மடிக்கணினிக்கும் தொலைபேசிக்கும் ஒரு பெட்டியே போதும். பழையதிற் பாதி பருமன். மின் எவ்வளவு மீதமாகும் என்று கணக்குப் பார்ப்போம். 65 உவாற்றுத் தரும் பழைய பெட்டி நூற்றுக்கு 88 பங்கு வினைத்திறனுடையதென்று கொண்டால், ஒன்பது உவாற்றளவு சூடாகும். 94 பங்கு வினைத்திறனுடைய பெட்டியில் நாலு உவாற்றுத்தான். மிச்சம் ஐந்து உவாற்று. நாளுக்கு இரண்டு மணி நேரம் பாவித்தால் ஆண்டுக்கு நாலு அலகுகூட வராது. ஆகவே மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக இச்சார்ஜரை வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும் வியாபாரியை நம்பவும் வேண்டாம். வீட்டிலே அதன் நன்மை சிறுமையும் சூட்டுக் குறைவுமே.

பெருநன்மை வேறிடத்தில் இருக்கின்றது. இரவுபகலாக ஓயாது இயங்கும் யந்திரங்களை எண்ணுங்கள். ஆயிரம் உவாற்று எடுக்கும் ஒரு கணினிச் சேவையகத்திலே இரண்டு பங்கு வீண் குறைந்தால் ஆண்டுக்கு 175 அலகு மிஞ்சும். அத்தகையவை ஆயிரக்கணக்கில் ஒரே கட்டடத்துள் நிற்கின்றன. அவற்றின் சூட்டை ஆற்றவும் வேறு மின் செலவாகின்றது. சூடு குறைந்தால் ஆற்றுஞ் செலவும் குறையும். தொலைபேசிக் கோபுரங்களும் அவ்வாறே. உயர்ந்த மீடிறனில் அலைகளைப் பெருக்கி அனுப்பச் சிலிக்கன் திணறும். ஐந்தாந் தலைமுறைக் கோபுரங்களில் கல்லியம் நைத்திரைட்டே பலவிடங்களில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டுள்ளது.

அடுத்து, கூரையிற் பதித்த சூரியத் தகடுகள். தகடு தருவது நேரோட்டம். வீட்டுக்கு வேண்டியது ஆடலோட்டம். இடையில் இன்வேட்டர் வேண்டும். 2014ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனமும் மின்பொறியியலாளர் சங்கமும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தன: 2000 உவாற்று இன்வேட்டரை நாற்பது கன அங்குலத்துக்குள் அடக்கிக் காட்டுபவருக்குப் பத்து இலட்சம் டொலர். அதுவரையிருந்த பெட்டிகள் பெரிய பயணப்பெட்டி போன்றவை. 2016இற் பெல்சிய நாட்டுப் பொறியியலாளர் குழு ஒன்று பரிசைப் பெற்றது. அவர்களுடைய பெட்டி பதினாலு கன அங்குலம் அளவுதான். தண்ணீர்க் குவளை ஒன்றின் பருமன். உள்ளே இருந்தவை கல்லியம் நைத்திரைட்டுத் திரான்சிற்றர்கள். இன்று நம்மூர்க் கூரைகளின் கீழுள்ள இன்வேட்டர்கள் பெரும்பாலும் சிலிக்கன் வழிப்பட்டவையே. சிறிய இன்வேட்டர்களில் இப்புதியது நுழையத் தொடங்கியிருக்கின்றது. ஐந்து கிலோவாற்றுத் தகடு நாளுக்குச் சுமார் இருபது அலகு தந்தால், இன்வேட்டரில் ஒரு பங்கு வீண் குறைவதால் ஆண்டுக்கு எழுபது அலகுக்கு மேல் மிஞ்சும். 2022ஆம் ஆண்டின் பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் விளக்கில்லாதிருந்ததை மறவாதவர்களுக்கு எழுபது அலகின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

புகழ்ந்தது போதும், குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தத் திரான்சிற்றர் இயல்பிலே திறந்தே பிறந்த மடை. இலத்திரன்கள் தாமே வந்து கூடும் என்று சற்றுமுன் வியந்தேனே, அந்த வியப்பே இங்கு வில்லங்கமாகின்றது. கட்டளை கொடுக்கும் சுற்றுப் பழுதானால் மடை மூடாது. ஓட்டம் பாய்ந்து பெட்டி எரியும். இதற்கு இரண்டு வழி கண்டனர். ஒன்று, சிறிய சிலிக்கன் திரான்சிற்றர் ஒன்றைக் காவலாக முன்னே கட்டுவது. மற்றது, வாயிலின் கீழ் வேறொரு படையை வைத்து, கட்டளை வந்தாலொழியத் திறவாதபடி பண்ணுவது. பெங்களூர்க் குழுவினர் இரண்டாவது வழியில் அலுமினியமும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டைப் பயன்படுத்திப் புதுமுறை கண்டனர். இவ்வகையில் வாயிலுக்குக் கொடுக்கும் அழுத்தம் ஐந்தாறு வோல்ற்றுக்கு மேற் சற்றே மிஞ்சினாலும் திரான்சிற்றர் கெட்டுவிடும், சிலிக்கனைப்போல் அடிதாங்காது. திடீர் மின்னெழுச்சியையும் அது பொறுப்பதில்லை. மேலும் பளிங்கின் குறைகளிற் சில இலத்திரன்கள் சிக்கிக்கொள்வதால், உயர் அழுத்தத்தை மறித்துவிட்டுத் திறந்தவுடன் தடை சிறிது கூடியிருக்கும்.

ஆயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட வேலைகளுக்கு, பெரிய பேருந்து, புகைவண்டி போன்றவற்றுக்குச் சிலிக்கன் காபைட்டே இன்று தகுந்தது. கல்லியம் நைத்திரைட்டின் அரசு ஏறத்தாழ நூறு வோல்ற்று முதல் அறுநூற்றைம்பது வோல்ற்று வரை. மலிவான சிறு வேலைகளிற் சிலிக்கனை எவரும் அசைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொல்பவர் விளம்பரத்தை மட்டும் படித்தவர்.

மூலப்பொருளிலும் ஒரு கவலையுண்டு. கல்லியத்துக்கென்று தனிச் சுரங்கம் இல்லை. போட்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும்போது உடன்விளைவாகக் கிடைப்பது. உலகத்துப் புதுக் கல்லியத்தில் நூற்றுக்கு 98 பங்களவு சீனாவிலே பிரித்தெடுக்கப்படுகின்றது. 2023ஆம் ஆண்டின் ஆவணியில் அந்நாடு, அனுமதியின்றிக் கல்லியம் வெளியே போகக்கூடாதென்று கட்டுப்பாடு விதித்தது. ஒரு திரான்சிற்றருக்கு வேண்டிய கல்லியம் மிக மிகச் சிறிது. ஆயினும் கடை ஒன்றேயானால் கடைக்காரர் வைத்ததுதான் விலை. ஒரு நல்ல செய்தியும் உண்டு: பழைய கல்லியம் ஆர்சனைட்டைப்போல் இதில் நச்சாகிய ஆர்சனிக் இல்லை. கிணற்றைப் பற்றிப் பேசியவன் இதனைச் சொல்லாமல் விடக்கூடாது.

நம் இளைஞர்களுக்கு இதில் என்ன வேலை என்று ஒரு பெரியவர் முன்னமே என்னைக் கேட்டார். பளிங்கு வளர்க்கும் சாலை கோடிக்கணக்கிற் பணம் விழுங்கும். நாளையே உடுவிலில் அது எழும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் வாங்கிய திரான்சிற்றரைக் கொண்டு நல்ல சுற்று அமைப்பது பணத்தை விட மூளையைக் கேட்கும் வேலை. வேகம் கூடியபடியால் சுற்றுப் பலகையில் ஒரு செப்புக்கோடு சில மில்லிமீற்றர் நீண்டாலும் அழுத்தம் துள்ளித் திரான்சிற்றரைக் கெடுத்துவிடும். பழைய சுற்றிற் சிலிக்கனைக் கழற்றி இதனைப் பொருத்தினால் வேலை செய்யாது. சுற்று முழுவதையும் புதிதாக எண்ண வேண்டும். உலகெங்கும் பொறியியலாளர் இதனை இப்பொழுதுதான் கற்றுக்கொண்டு வருகின்றனர். ஆகையால் நாம் மிகவும் பிந்திவிடவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. அங்கே மின்வலு இலத்திரனியல் கற்கப்போகும் தம்பி தங்கையர் இப்பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர்தரத்தில் பௌதிகவியலிற் குறைகடத்தி அலகைக் கடைசி மாதத்தில் தள்ளிவைத்துப் படிக்கும் வழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள்.

கடையில் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. பெட்டியின்மேல் மூன்று ஆங்கில எழுத்து அச்சிட்டிருப்பதனால் மட்டும் உள்ளே அந்தத் திரான்சிற்றர் இருக்கும் என்று எண்ண வேண்டாம். எழுத்து அச்சிடுவது மலிவு. பெயர் தெரிந்த நிறுவனமா, உத்தரவாதம் உண்டா என்று பாருங்கள். ஒரே வலுவில் அரைமணி நேரம் ஓடவிட்டு, சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பருமன் சிறுத்த பெட்டி தொடுவதற்குச் சற்றுச் சூடாகத் தெரியலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். சூடு வெளியேறப் பரப்பு அங்கே குறைவு.

இம்மேசைமேல் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்திருக்கின்றேன்; ஒன்று பழையது, மற்றது கல்லியம் நைத்திரைட்டு. பழையதின் நிலைமாற்றி தீப்பெட்டியளவு. புதியதின் நிலைமாற்றி ஒரு நெல்லிக்காயளவு. கூட்டம் முடிந்தபின் வந்து கையிலெடுத்துப் பார்க்கலாம். இரண்டின் கொள்ளளவிகளிலும் இருந்த மின்னை நேற்றே இறக்கிவிட்டேன். வீட்டிலே தாமாகத் திறந்து பார்க்க விரும்பும் தம்பிமார் மட்டும் கேளுங்கள்: சுவரிலிருந்து கழற்றிய பின்னும் அந்தக் கொள்ளளவியில் முந்நூறு வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமற் கை வைக்க வேண்டாம்.